போகாத ஊருக்கு வழி காட்டுவது

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். ஒன்பது வருடமாகச் சொந்த வட்டாரத்தில் ரயில் சுற்றுலாக்களை நடத்தி வருகிறீர்கள். எந்த வளைவுக்கு அப்புறம் பாலம் வரும், எந்த ஸ்டேஷனில் லிஃப்ட் பாதி நாள் ஓடாது என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். இப்போது ஒரு நிறுவனம் அடுத்த வருடத்துக்கு மூன்று பயணங்களை உங்கள் பொறுப்பில் விட்டிருக்கிறது: சுவிட்சர்லாந்து, ஜப்பான், நார்வே. மூன்றில் ஒன்றுக்கும் நீங்கள் போனதில்லை, ஆசையோடு நாளை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். "கிளம்பும் முன் எதையெல்லாம் படிக்க வேண்டும்?" என்பது நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் கடைசி வரியில், "நானே பார்க்காத இடத்தை 24 பேருக்கு எப்படிக் காட்டுவது, அது ஒருவகை ஏமாற்று இல்லையா" என்று போகிற போக்கில் போட்டிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன், படிக்க வேண்டியது என்ன என்பது அதற்குள்ளேயே வந்துவிடும்.

நான் 17 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். நடத்திய பயணங்களில் மூன்றில் ஒரு பங்காவது, குழுவோடு சேர்ந்து நானும் முதல்முறையாகப் பார்த்த தடங்கள். அதனால் ஏமாற்றா என்ற பாதிக்குத் தயங்காமல் பதில் சொல்லலாம்: ஏமாற்று இல்லை. பார்த்த மாதிரி பேசினால்தான் ஏமாற்று. உங்களை நம்பி வருகிறவர்கள் ஊரைப் பற்றிய அறிவை உங்களிடம் வாங்க வரவில்லை, அது அவர்கள் கையில் இருக்கும் போனிலேயே இருக்கிறது. அறிமுகமில்லாத ஸ்டேஷனில், பலகையில் இருப்பதைப் படிக்கக்கூட முடியாத இடத்தில், ரயில் திடீரென்று ரத்தானால் யாரோ ஒருவர் முகம் மாறாமல் "சரி, இப்படி வாங்க" என்று சொல்ல வேண்டும். அந்த ஒருவருக்குத்தான் அவர்கள் பணம் கொடுக்கிறார்கள்.

இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் 1841 ஜூலை 5 அன்று லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குச் சுமார் 500 பேரை ஒரு ஷில்லிங் கட்டணத்தில் கூட்டிப் போனார், மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக. நம் தொழிலின் ஆரம்பம் என்று பொதுவாகச் சொல்லப்படும் பயணம் அது. அதில் அவர் கொடுத்தது லஃப்பரோ பற்றிய சொற்பொழிவு அல்ல. தனி ரயில், சேர்த்துப் போட்ட கட்டணம், பொறுப்பாக ஒரு ஆள், அவ்வளவுதான். பிறகுதான் இந்த வேலை இரண்டாகப் பிரிந்தது. குழுவை ஊர் ஊராகக் கொண்டு சேர்க்கும் டூர் மேனேஜர் ஒருவர், ஒரு ஊரில் நின்று அதன் கதையைச் சொல்லும் உள்ளூர் கைடு இன்னொருவர். இத்தாலி போன்ற நாடுகளில் இந்த இரண்டாவது வேலைக்கு உரிமம் கட்டாயம், உரிமம் இல்லாமல் நினைவுச்சின்னத்தின் முன் நின்று குழுவுக்கு விளக்கம் சொன்னால் அபராதம் கட்ட வேண்டி வரும். எனவே உங்கள் நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டியது, எந்தெந்த ஊரில் உள்ளூர் கைடு வருகிறார் என்பதை. அந்த ஊர்களுக்கு நீங்கள் தனியாகப் புத்தகம் படித்து மெனக்கெட வேண்டாம்.

அப்படியானால் எதற்கு மெனக்கெட வேண்டும்? மாறும் இடங்களுக்கு. ரயிலுக்குள் உட்கார்ந்துவிட்ட குழுவுக்குப் பெரிதாக எதுவும் ஆகாது. சுவிட்சர்லாந்தில் செர்மாட்டிலிருந்து சென்ட் மோரிட்ஸ் வரை கிளேசியர் எக்ஸ்பிரஸ் என்ற சுற்றுலா ரயில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் போகிறது, 291 பாலங்கள், 91 சுரங்கங்கள். அந்த எட்டு மணி நேரத்தில் உங்களுக்கு வேலையே இருக்காது என்று சொல்லலாம், எண்ணிக்கையை அறிவித்துவிட்டுச் சும்மா உட்காரலாம். ஆனால் அதற்கு முன்னால் பிரிக் ஸ்டேஷனில் பெரிய ரயிலிலிருந்து இறங்கி மலை ரயிலுக்கு மாற வேண்டி வந்தால், அந்தச் சின்ன ரயில் நிற்பது பெரிய ஸ்டேஷனின் நடைமேடை வரிசையில் அல்ல, வெளியே ஸ்டேஷன் முன்சதுக்கத்தில். கூர் ஸ்டேஷனிலும் அரோசா போகும் ரயில் தெருவோரத்தில்தான் நிற்கும். உள்ளேயே நடைமேடை எண்ணைத் தேடிக்கொண்டு நின்றால் ஐந்து நிமிடம் போய்விடும், அந்த நாட்டில் பல இணைப்புகளே ஐந்தாறு நிமிடம்தான். ஒரு நாட்டைப் பற்றி 300 பக்கம் படிப்பதைவிட இந்த ஒரு வரி தெரிந்திருப்பது குழுவுக்கு உதவும்.

இந்த நிமிடக் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் அனுபவமுள்ளவர்களே புது இடத்தில் கோட்டை விடுவது இங்கேதான். கையில் சூட்கேஸ் உள்ள ஒருவர் படியேறி, உள்ளே நகர்ந்து, பின்னால் வருபவருக்கு வழிவிட என் கைக்கடிகாரக் கணக்கில் எட்டு முதல் பத்து வினாடி. 24 பேர் ஒரே கதவு வழியாக ஏறினால் நான்கு நிமிடம். உங்கள் வட்டாரத்தில் ரயில் நின்று நிதானமாகக் கிளம்பும் பழக்கமாக இருந்தால் இது உறைக்காது. ஜப்பானில் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் இடைப்பட்ட ஸ்டேஷன்களில் நிற்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். அங்கே குழுவை முன்கூட்டியே மூன்று கதவுகளுக்குப் பிரித்து, நடைமேடையில் குறியிட்டிருக்கும் இடத்தில் வரிசையாக நிறுத்தி வைத்தால்தான் உண்டு. இறங்கும்போதும் அதே கதைதான். ஸ்டேஷன் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே எழுந்து கதவருகே நிற்கச் சொல்ல வேண்டும். சிலர் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

இதற்கு நல்ல தீர்வு, பெரிய சூட்கேஸ்களைக் குழுவோடு கொண்டு போகாமலே இருப்பது. ஜப்பானில் தக்யுபின் என்று பெட்டிகளை ஹோட்டலிலிருந்து ஹோட்டலுக்கு அனுப்பும் கூரியர் சேவை அன்றாட விஷயம். பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேரும் என்பதால் ஒரு இரவுக்கான துணியைத் தனிப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்திலும் பெட்டிகளை முன்கூட்டி அனுப்பும் வசதி உண்டு. இன்னொன்று, 2020 மே முதல் தொகைடோ, சான்யோ, கியூஷூ ஷின்கான்சென் தடங்களில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிகளுக்கு அதற்கென்று உள்ள இருக்கையை முன்பதிவு செய்திருக்க வேண்டும், 250-ஐத் தாண்டினால் ஏற்றவே முடியாது. குழுவுக்கு அனுப்பும் முதல் கடிதத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள், ஆளுக்கொரு டேப் எடுத்து அளந்து பார்க்கட்டும்.

அடுத்து, பிரியும் ரயில்கள். ஒரே ரயிலாகக் கிளம்பி நடுவழியில் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போகிறவை. ஜெர்மனியில் பெர்லினிலிருந்து மேற்கே போகும் அதிவேக ரயில்கள் பல ஹாம் என்ற ஸ்டேஷனில் இப்படிப் பிரியும், ஒரு பாதி கொலோன் பக்கம், மறுபாதி டூசல்டார்ஃப் பக்கம். எனக்கு இது புத்தகத்தில் தெரியும், ஆனால் உடம்பில் ஏறவில்லை. வேலைக்கு வந்த நான்காவது வருடம் என்று நினைக்கிறேன், வேறொரு நாட்டில், ரயில் பிரிவதற்கு இருபது நிமிடம் முன்னால் எங்கள் குழுவில் நால்வர் கழிப்பறை காலியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே அடுத்த பாதிக்கு நடந்து போய் அங்கே காலி இருக்கை பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். ரயில் பிரிந்தது, அவர்கள் வடக்கே, நாங்கள் தெற்கே. தப்பு முழுக்க என்னுடையது, நான் சொல்லவே இல்லை. அன்று இரவு பத்தரை மணிக்குத்தான் அவர்கள் ஹோட்டலுக்கு வந்தார்கள். அதில் ஒரு அம்மா அப்புறம் மூன்று நாள் என்னிடம் பேசவில்லை.

அந்த இரவிலிருந்து நான் வைத்திருக்கும் விதியை எந்த நாட்டுக்குப் போனாலும் முதல் நாளே சொல்லிவிடுவேன். நடைமேடையில் விடுபட்டுப் போனால் அங்கேயே நில்லுங்கள், அடுத்த ரயிலில் நீங்களாக ஏறாதீர்கள். தப்பான ரயிலில் மாட்டிக்கொண்டாலோ இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாலோ, அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே நில்லுங்கள். போன் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தொலைந்தவரும் தேடுபவரும் ஒரே நேரத்தில் நகர்ந்தால் ஒருவரை ஒருவர் தாண்டிப் போவதுதான் நடக்கும். அப்புறம் நீங்கள் யாரோடு போவது என்ற கேள்வி. பெரும்பான்மைக் குழுவோடுதான் போக வேண்டும், விடுபட்டவருக்காக ரயிலிலிருந்து குதித்து இறங்கக் கூடாது. மனசு கேட்காது, ஆனாலும் இறங்கினால் 23 பேர் தலைவர் இல்லாமல் போய்க்கொண்டிருப்பார்கள். எல்லோர் கையிலும் அன்றைய ஹோட்டல் பெயரும் இறங்கும் ஸ்டேஷன் பெயரும் அந்த நாட்டு எழுத்திலேயே எழுதிய ஒரு சீட்டு இருக்கட்டும், போன் சார்ஜ் தீர்ந்துபோகும், காகிதத்துக்கு அந்தக் கவலை இல்லை.

ஸ்டேஷன் பெயர்கள் விஷயத்தில் புது ஆளுக்கு வைத்த பொறி மாதிரி சில உண்டு. ஒசாகாவும் ஷின்-ஒசாகாவும் வேறு வேறு ஸ்டேஷன், ஷின்கான்சென் நிற்பது இரண்டாவதில். யோகோஹாமாவும் ஷின்-யோகோஹாமாவும் அப்படியே. இன்டர்லாக்கனில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு. யுங்ஃப்ராவ் பக்கம் மலைக்குப் போகும் ரயில் கிழக்கிலிருந்துதான் கிளம்பும். பாரிஸ் வழியாகப் போவதாக இருந்தால் வடக்கிலிருந்து வரும் ரயில் ஒரு முனையத்தில் நிற்கும், தெற்கே போகும் ரயில் நகரத்தின் மறுபக்கம் வேறொரு முனையத்தில் காத்திருக்கும், நடுவில் உங்கள் 24 பேரும் பெட்டிகளும்.

இப்போது படிக்க வேண்டியது. பயண நூல்களை ஆசைக்குப் படியுங்கள், வேலைக்குக் கால அட்டவணையைப் படியுங்கள். தாமஸ் குக் நிறுவனம் 1873-லிருந்து 2013 வரை ஐரோப்பிய ரயில் கால அட்டவணையைப் புத்தகமாகப் போட்டது, அதை நிறுத்திய பிறகு அதிலிருந்த சிலரே தனியாகத் தொடர்ந்து நடத்துகிறார்கள். இணையத்தில் எல்லாம் இருக்கும்போது எதற்குப் புத்தகம் என்று கேட்பீர்கள். இணையத் தேடல் நீங்கள் கேட்ட ரயிலை மட்டும் காட்டும். அட்டவணையில் அந்தத் தடத்தின் முழு நாளும் கண் முன்னால் விரியும், இதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது, கடைசி ரயில் எது, எந்த ரயில் எந்த ஸ்டேஷனில் நிற்காமல் போகிறது என்று ஒரே பார்வையில் தெரியும். நான் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, திட்டமிட்ட ரயிலுக்குக் கீழே "போனால்?" என்று எழுதி, அது போய்விட்டால் என்ன செய்வது என்பதை நிரப்புவேன். அந்த வரியை நிரப்ப முடியாத இடம்தான் அந்தப் பயணத்தின் ஆபத்தான இடம், ராத்திரி உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம்.

அந்த வரி நாட்டுக்கு நாடு எவ்வளவு மாறும் என்று பாருங்கள். சுவிட்சர்லாந்தில் 1982-லிருந்து மணிக்கு மணி ஒரே நிமிடத்தில் ரயில் கிளம்பும் ஏற்பாடு இருக்கிறது. பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த சுற்றுலா ரயிலான பெர்னினா எக்ஸ்பிரஸைத் தவறவிட்டால்கூட அதே தண்டவாளத்தில், அதே பாலங்கள் மேல், சாதாரண ரயில் பின்னாலேயே வரும். அதற்கு இருக்கை முன்பதிவும் தேவையில்லை. பெரிய கண்ணாடி இல்லையே தவிர மலை அதே மலைதான். அமெரிக்காவில் சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ பக்கம் போகும் கலிஃபோர்னியா செஃபிர் நாளுக்கு ஒன்று. நியூ ஆர்லியன்ஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் சன்செட் லிமிடெட் வாரத்துக்கு மூன்றே நாள். அங்கே ஒரு ரயிலைத் தவறவிடுவது என்பது ஹோட்டல், பஸ், ஒருவேளை விமானம் என்று எல்லாவற்றையும் மாற்றுவது. உங்கள் நார்வே பயணம் இந்த இரண்டுக்கும் நடுவில் வரும். ஆஸ்லோ–பெர்கன் தடத்தில் ஒரு நாளைக்கு ஓடும் ரயில்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஃப்ளோம் மலை ரயிலுக்கு மாறும் மிர்டால் ஸ்டேஷனுக்கு வண்டிச் சாலையே கிடையாது. வழக்கமாக நாம் செய்யும் "ஒரு பஸ் வரவழைத்துவிடலாம்" என்ற கடைசி அஸ்திரம் 867 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த இடத்தில் பலிக்காது. மிர்டாலில் இணைப்பு நேரம் குறைவாகப் போட்டிருந்தால் இப்போதே நிறுவனத்தோடு சண்டை போடுங்கள்.

அட்டவணையைப் படிக்கும்போதே தடத்தையும் பாருங்கள், ஏனென்றால் ரயில் சுற்றுலாவில் மட்டும் வரும் ஒரு வேடிக்கையான தவறு இருக்கிறது. பயணத் திட்டம் போடும் செயலிகள் எப்போதும் வேகமான ரயிலைத்தான் முதலில் காட்டும். மலைநாட்டில் வேகமான ரயில் என்றால் சுரங்கம் என்று அர்த்தம். சுவிட்சர்லாந்தில் 2016-ல் திறந்த கோட்ஹார்ட் அடிவாரச் சுரங்கம் 57 கிலோமீட்டர், உலகத்திலேயே நீளமான ரயில் சுரங்கம், உள்ளே பார்க்க இருட்டு மட்டும்தான். 1882-ல் திறந்த பழைய தடம் மேலே சுற்றிச் சுற்றி ஏறுகிறது. வாசன் என்ற ஊரின் தேவாலயம் ஒரே பயணத்தில் மூன்று வேறு உயரங்களிலிருந்து மூன்று தடவை தெரியும், முதல் தடவை தலைக்கு மேலே, கடைசியில் காலுக்குக் கீழே. வழக்கமான ரயில்கள் சில இன்னும் அந்த வழியாக ஓடுகின்றன. அதில் போக வேண்டும் என்று கேட்டுப் பதிவு செய்யாவிட்டால், ஆல்ப்ஸ் பார்க்க வந்த குழுவை நீங்கள் ஆல்ப்ஸுக்கு அடியில் கூட்டிப் போய்விடுவீர்கள். லோட்ச்பெர்க் தடத்திலும் இதே மாதிரி 2007-ல் ஒரு அடிவாரச் சுரங்கம் வந்துவிட்டது.

எதை உறுதியாக நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். தடம் எங்கே போகிறது, எவ்வளவு உயரம், எங்கே மாற வேண்டும், இதெல்லாம் உறுதி. நேரம் ஓரளவு உறுதி. ஆனால் ஐரோப்பாவில் ஒவ்வொரு டிசம்பரிலும் இரண்டாம் சனிக்கிழமை நள்ளிரவோடு அட்டவணை மாறும், அதனால் இந்த வருட நிமிடங்களை அடுத்த வருடக் குழுவுக்கு அச்சடித்துக் கொடுக்காதீர்கள். நடைமேடை எண் அன்றைக்குத்தான் உறுதி. கோச் வரிசையும் அப்படித்தான், காகிதத்தில் முன்னால் இருக்கும் கோச் நிஜத்தில் பின்னால் வரும். அப்புறம் எதிர்பாராதது. 2023 ஆகஸ்டில் அதே கோட்ஹார்ட் சுரங்கத்துக்குள் ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டது, 2024 செப்டம்பர் வரை முழுமையாகச் சீராகவில்லை, பெரும்பாலான பயணிகள் ரயில்கள் பழைய மலைத்தடத்தில் திருப்பிவிடப்பட்டன. மேலே போனவர்களுக்கு ஒரு மணி நேரம் நஷ்டம், காட்சி இலவசம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பும் முந்தைய இரவும் பராமரிப்பு அறிவிப்புகளைப் பார்ப்பதைத் தவிர இதற்கு வழி இல்லை.

காட்சி மட்டும் எந்தக் காலத்திலும் உறுதி இல்லை. "நாளைக்கு ஃபியூஜி மலையைப் பார்ப்பீர்கள்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும்போது வலப்பக்கம், சாதாரண வகுப்பில் E எழுத்துள்ள ஜன்னல் இருக்கை, அங்கே உட்கார்ந்தால் மேகம் விலகியிருந்தால் தெரியும், அவ்வளவுதான் சொல்லலாம். அந்த ஜன்னல் இருக்கைகளை யாருக்கு எப்படிப் பங்கிடுவது என்பது தனித் தலைவலி. முதல் நாளே இருக்கைகள் சுழற்சி முறையில் மாறும் என்று சொல்லிவிடுவது என் வழக்கம், சொன்ன பிறகும் ஒருவர் வந்து முதுகுவலி என்பார்.

தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லி நான் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். கிளேசியர் எக்ஸ்பிரஸின் மேற்குப் பாதியில், ஓபரால்ப் கணவாய் பக்கம், செங்குத்தான இடங்களில் பற்சக்கரம் தண்டவாளத்துக்கு நடுவே உள்ள பல்சட்டத்தைக் கவ்விக்கொண்டு ஏறும். மறுநாள் பெர்னினா தடம், அதற்கும் அப்படித்தான் இருக்கும் என்று நானாகவே முடிவு கட்டி மைக்கில் அறிவித்துவிட்டேன். பின் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார், எல்லோர் முன்னாலும் சொல்லாமல் என் காதருகே குனிந்து, "தம்பி, இதில் பல்லே கிடையாது" என்றார். அவர் சொன்னதுதான் சரி. 7 சதவீத ஏற்றத்தில், அதாவது 100 மீட்டருக்கு 7 மீட்டர், வெறும் சக்கரமும் தண்டவாளமும் ஒட்டும் பிடிப்பிலேயே 2,253 மீட்டர் உயரத்து ஓஸ்பிட்சியோ பெர்னினா வரை அந்த ரயில் ஏறுகிறது, 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் அந்தத் தடம் இடம்பெற்றது. அந்தத் தடத்தின் பெருமையையே நான் தலைகீழாகச் சொல்லியிருந்தேன். மைக்கை அவரிடமே கொடுத்தேன், மீதி இரண்டு மணி நேரம் அவர் பேசினார், நான் தலையை எண்ணினேன். ரயில் சுற்றுலாக் குழு ஒவ்வொன்றிலும் உங்களைவிட ரயில் அதிகம் தெரிந்த ஒருவராவது இருப்பார். முதல் நாளே அவரைக் கண்டுபிடித்து ஒரு வேலை கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவரே ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொள்வார், அது உங்களைத் திருத்துவதாக இருக்கும்.

"எனக்கும் இது முதல்முறை" என்று குழுவிடம் சொல்லலாமா? இதில் தொழிலில் இருப்பவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. சொன்னால் நம்பிக்கை போய்விடும் என்பவர்கள் உண்டு, அவர்களும் அனுபவசாலிகள்தான். நான் சொல்லிவிடுகிற கட்சி. ஆனால் வெறுமனே சொல்ல மாட்டேன். முதல் இரவு, அடுத்த நாளின் மூன்று மாற்றங்களையும் எந்தப் படி, எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் என்று விலாவாரியாக விளக்கிய பிறகுதான், "இந்தத் தடத்தில் எனக்கும் இதுதான் முதல் பயணம்" என்பேன். அதற்குள் அவர்களுக்கு நம்பிக்கை வந்திருக்கும். வரிசை முக்கியம், முதலில் இதைச் சொல்லிவிட்டு அப்புறம் விளக்கினால் யாரும் விளக்கத்தைக் கேட்பதில்லை.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. யுங்ஃப்ராயோக் ஸ்டேஷன் 3,454 மீட்டரில் இருக்கிறது, கீழிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ரயில் அங்கே கொண்டு போய் விட்டுவிடும், உடம்பு பழக நேரம் கிடையாது. தலைச்சுற்றல், மூச்சு வாங்குவது வயது வித்தியாசம் இல்லாமல் வரும். மெதுவாக நடங்கள், படியில் ஓடாதீர்கள், ஒத்துவராவிட்டால் அடுத்த ரயிலில் இறங்கிவிடுங்கள் என்று சொல்லி வைக்கலாம். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர் வரலாமா என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லாதீர்கள், நானும் சொல்ல மாட்டேன். ஃப்ளோம் தடத்தில் உயரம் பிரச்சினை இல்லை, அங்கே பிரச்சினை வேறு. கோடையில் ஷோஸ்ஃபோசன் அருவியருகே ரயில் சில நிமிடம் நிற்கும், எல்லோரும் இறங்கிப் படம் எடுப்பார்கள், சாரல் அடிக்கும், மேடை வழுக்கும், விசில் அடித்ததும் கிடைத்த கதவில் ஏறிக்கொள்வார்கள். 20 கிலோமீட்டர் தடத்தில் உங்கள் ரத்த அழுத்தம் ஏறும் ஒரே இடம் அதுதான்.

நிறுவனத்திடம் எழுத்தில் வாங்க வேண்டியவை சில. இரவிலும் எடுக்கப்படும் ஒரு போன் எண். ரயில் ரத்தானால் யாரையும் கேட்காமல் நீங்களே புது டிக்கெட்டோ ஹோட்டலோ போட எவ்வளவு வரை அதிகாரம் என்ற ஒரு தொகை. குழு டிக்கெட்டில் எல்லோரும் சேர்ந்தே பயணிக்க வேண்டுமா, பிரிந்தால் அது செல்லுமா என்ற விவரம். ரயில் பாஸ் என்றால், பாஸ் வேறு, இருக்கை முன்பதிவு வேறு என்பதை ஒவ்வொரு ரயிலுக்கும் சரிபார்த்த பட்டியல். பெர்னினா தடம் முடிகிற தீரானோ இத்தாலியில் இருக்கிறது, அன்றைக்கு எல்லோர் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும், முன்கூட்டி அனுப்பிய சூட்கேஸுக்குள் இருக்கக் கூடாது. அப்புறம் பலர் மறப்பது, உங்கள் சொந்த விசா. குழுவுக்குச் சுற்றுலா விசா போதும், சம்பளத்துக்குக் குழுவை நடத்தும் உங்களுக்கு அதே விசா போதுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். இது என் துறைக்கு வெளியே உள்ள சட்டக் கேள்வி, தூதரகத்திடமோ நிறுவனத்தின் வழக்கறிஞரிடமோ எழுத்தில் பதில் வாங்குங்கள். குளிர்காலத்தில் ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே குழுவை நடத்திய அனுபவமும் எனக்கு இல்லை, உங்கள் நார்வே பயணம் அந்தப் பருவத்தில் என்றால் நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆசையோடு காத்திருக்கிறீர்கள் என்று எழுதியதற்கு வருகிறேன். அந்த ஆசையைக் கெடுக்க எனக்கு மனம் இல்லை, ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. முதல் பயணத்தில் நீங்கள் ஜன்னலைப் பார்க்கப் போவதில்லை. வாசன் தேவாலயம் மூன்றாவது முறை தெரியும்போது நீங்கள் அடுத்த ஸ்டேஷன் லிஃப்டைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நான் பெர்னினாவில் முதல்முறை போனபோது பார்த்த மலை எதுவும் நினைவில் இல்லை, ஒரு தம்பதி தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கி ரயில் கிளம்ப இரண்டு நிமிடம் இருக்கும்போது ஓடி வந்ததுதான் நினைவில் இருக்கிறது. அதனால் முடிந்தால் குழுவுக்கு இரண்டு நாள் முன்னால் போய்விடுங்கள். நிறுவனம் செலவைக் கொடுத்தால் நல்லது, கொடுக்காவிட்டாலும் முதல் பயணத்துக்கு மட்டும் சொந்தக் கணக்கில் போகலாம் என்பேன். ஒரு நாள் மாறும் ஸ்டேஷன்களில் கையில் ஒரு கனமான சூட்கேஸோடு நடந்து பாருங்கள், கடிகாரத்தைப் பார்த்து, உங்கள் வேகத்தில் இல்லாமல் குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் வேகத்தில். இன்னொரு நாள் எதையும் எண்ணாமல் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்ளுங்கள். அந்த ஒரு நாள் பார்த்ததுதான் அடுத்த பத்து நாளும் உங்கள் குரலில் வரும்.

மூன்றில் எதை முதலில் எடுப்பது என்று நிறுவனம் உங்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். சுவிட்சர்லாந்தை முதலில் எடுங்கள், அங்கே ஒரு ரயில் போனால் ஒரு மணி நேரத்தில் இன்னொன்று வரும், புது ஆளின் தவறுகளுக்கு இடம் கொடுக்கும் நாடு. ஜப்பான் இரண்டாவது. அங்கே ரயில் தவறு செய்வது அபூர்வம், நீங்கள் செய்யாமல் இருக்க வேண்டும், அதற்குள் 24 பேரை ஒரு நிமிடத்தில் ஏற்றும் கை பழகியிருக்கும். நார்வேயைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் மிர்டால் இணைப்பு நேரத்தை மாற்றச் சொல்லி நிறுவனத்துக்கு இரண்டு கடிதமாவது போயிருக்க வேண்டும்.